ரிங்க் இல்லாத மலையிலிருந்து ஒரு ஃபிகர் ஸ்கேட்டர்

நீலகிரியில் ஐஸ் ரிங்க் கிடையாது. ஜனவரி மாதம் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கும் சுற்றுலாப் பயணிகள், இவ்வளவு குளிரும் ஊரில் ஐஸ் ஸ்கேட்டிங் இல்லையா என்று வியந்து கேட்பார்கள். நம் மலையின் உறைபனி வெயில் ஏறியதும் உருகிவிடும். 1920 முதல் இயங்கும் சிம்லா ரிங்க்கில் திறந்தவெளியிலேயே ஐஸ் பிடிக்கிறது என்றால், குளிர்காலத்தில் அங்கே இரவுக்கு இரவு தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்குகிறது. செயற்கை ரிங்க் என்றால் கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்து, உறையாத குளிர்திரவத்தை இடைவிடாமல் ஓடவிட்டு, மேலே தண்ணீரை மெல்லிய அடுக்குகளாகத் தெளித்து உறைய வைக்க வேண்டும். இசைக்கேற்ப ஜம்ப்பும் ஸ்பின்னும் செய்து ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு அந்த ஐஸ் மைனஸ் 3, 4 டிகிரியில் நிற்க வேண்டும். அப்படி ஒன்று இங்கே வரட்டும் என்று காத்திருந்தால் குழந்தையின் வயது காத்திருக்காது.

நான் குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிறார். எங்கள் மகள் ஏழு வயதில் பள்ளிக்கூட சிமெண்ட் தளத்தில் சக்கர ஸ்கேட்டில் தொடங்கி, பதின்மூன்று வயதில் ஐஸுக்குப் போய், ஜூனியர் வயது முடியும்வரை இரண்டிலும் போட்டிகளில் ஆடினாள். மாநிலப் பதக்கங்கள் பல, தேசியப் போட்டிகளில் நடுத்தரமான இடங்கள். இப்போது கோவையில் பிசியோதெரபி படிக்கிறாள். பிள்ளையை இதில் சேர்க்கலாமா என்று கேட்டுக் கடைக்கு வரும் பெற்றோரிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், ரிங்க்குக்கு வெளியே செய்கிற வேலைதான் மலையூர்ப் பிள்ளையின் மூலதனம். அதை ஒழுங்காகச் செய்தால் ரிங்க்கில் கிடைக்கும் கொஞ்ச நேரமும் பலன் தரும்.

இது ஆறுதல் வார்த்தை என்று நினைக்கக் கூடாது. மதிப்பெண் முறையே அப்படி அமைந்திருக்கிறது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் நடுவர் தீர்ப்பு பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகு பழைய 6.0 முறையைக் கைவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு ஜம்ப்புக்கும் ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. அதைச் செய்த தரத்தைப் பொறுத்து மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை நடுவர்கள் குறிப்பார்கள். டபுள் ஆக்சல் என்ற ஜம்ப்பின் அடிப்படை மதிப்பு 3.3. முன்னோக்கிப் பாய்ந்து, காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றி, பின்னோக்கி இறங்க வேண்டிய ஜம்ப் அது. அதற்காகப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் விழுந்து எழுகிறார்கள். கால் மாற்றி, நிலை மாற்றிச் சுற்றும் காம்பினேஷன் ஸ்பின்னை, கடினத்தைக் குறிக்கும் நிலைகளில் மிக உயர்ந்த நான்காம் நிலையில் செய்தால் அடிப்படை மதிப்பு 3.5. டபுள் ஆக்சலைவிட அதிகம்!

இந்தக் கணக்கை மகளின் பயிற்சியாளரான மாஸ்டர் எங்களுக்கு விளக்கிச் சொன்ன அன்றுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது. ஜம்ப் செய்ய வேகம் வேண்டும், வேகத்துக்கு நீளமான தளம் வேண்டும். ஸ்பின்னுக்கு நாலடிக்கு நாலடி வழுவழுப்பான தரை போதும். ஸ்பின்னின் நிலை உயர்வதற்கு முதுகு வளைய வேண்டும், இடுப்பு திறக்க வேண்டும், ஒரே நிலையில் எட்டுச் சுற்று நிலைகுலையாமல் நிற்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதியை வீட்டில் பாய் விரித்துப் பழகலாம். ஆகவே எங்கள் மாஸ்டர், கிடைக்கிற ரிங்க் நேரத்தை ஜம்ப்புக்கும் காலோட்டத்துக்கும் வைத்துக்கொண்டு, ஸ்பின்னுக்கான உடற்பயிற்சியை முழுக்க வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெரிய ஊர்ப் பிள்ளைகளோடு மோதும்போது என் மகள் ஜம்ப்பில் இழந்ததை ஸ்பின்னில் மீட்டிருக்கிறாள். போட்டி முடிந்ததும் நடுவர்களின் மதிப்பெண் தாள் கிடைக்கும். பதக்கம் வந்ததா வரவில்லையா என்பதோடு நின்றுவிடாமல் அந்தத் தாளை வரிவரியாகப் படியுங்கள். எந்த ஸ்பின் எந்த நிலையில் நின்றது, எந்த ஜம்ப்பில் சுற்று குறைந்தது என்று அதில் இருக்கும். அடுத்த சில மாதங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கேயே எழுதியிருக்கும்.

ஜம்ப் பயிற்சியும் பாதி தரையில்தான் நடந்தது. இரவு கடை ஷட்டரை இறக்கியபின் வெட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் தடித்த ரப்பர் விரிப்பைப் போடுவோம். விரல் நுனியில் தையல் சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு சுவரோரம் நின்று குதிப்பாள். சுவரில் விழும் கோட்டுக்கும் நின்றபடி எட்டிய கோட்டுக்கும் நடுவே இஞ்சு டேப்பை வைத்து நான் அளப்பேன். எழும்பும் உயரம் கூடுகிறதா என்று பார்ப்பதில் அவளுக்கும் எனக்கும் வெறியே பிடித்திருந்தது. மாஸ்டர் ஒரு நாள் கடைக்கு வந்து, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 30 சென்டிமீட்டர் எழும்பினால் காற்றில் இருப்பது ஏறக்குறைய அரை நொடி. உயிரைக் கொடுத்து 40 சென்டிமீட்டர் எழும்பினாலும் அது 0.57 நொடிதான். "பத்து சென்டிமீட்டருக்கு இவ்வளவு உழைத்து இவ்வளவுதானா கிடைக்கிறது, பாருங்கள் அக்கா. இந்த அரை நொடிக்குள் கைகளை மார்போடு எவ்வளவு சீக்கிரம் இழுக்கிறாள் என்பதில்தான் சுற்று இருக்கிறது" என்றார்.

அன்றிலிருந்து சுவரை விட்டுவிட்டு போனைப் பிடித்தோம். இன்றைய போன்கள் பலவற்றில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருக்கிறது. அரை நொடி என்றால் 120 படங்கள். கால் தரையை விட்ட படத்திலிருந்து கைகள் மார்பில் ஒட்டிய படம்வரை எண்ணினால், இழுப்பு எவ்வளவு தாமதம் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். துணி வெட்டும் கண்ணாடியின் முன்னால் மெதுவாக, பிறகு வேகமாக, கைகளை மட்டும் இழுத்துப் பழகினாள். டபுள் சால்கோவ் என்ற இரண்டு சுற்று ஜம்ப் அவளுக்கு நின்றது அப்படித்தான். சால்கோவ், லூப், ஃபிளிப், லட்ஸ் என்று எந்த ஜம்ப்பாக இருந்தாலும் இறங்குவது பின்னோக்கி, ஒற்றைக் காலில், ஸ்கேட்டின் வெளிவிளிம்பில். ஆகவே ஒற்றைக் காலில் முழங்காலை மடக்கி இறங்கி, மூச்சு நிதானமாகும்வரை அசையாமல் நிற்பதைத் தினமும் செய்ய வைத்தோம். குன்னூரின் படிக்கட்டுகளும் மேடுகளும் நல்ல உடற்பயிற்சிக் கூடம்தான். ஆனால் ஏறி ஓடட்டும், இறங்கும்போது நடக்கட்டும். சரிவில் இறங்கி ஓடுவது வளரும் முழங்காலுக்கு ஆகாது.

ரிங்க் இல்லாமல் தவித்தவர்களில் உலகின் மிகப் பெரிய ஆட்டக்காரரும் உண்டு. ஜப்பானின் யுசுரு ஹன்யு பயிற்சி எடுத்த சென்டாய் ரிங்க் 2011 மார்ச் நிலநடுக்கத்தில் சேதமடைந்து மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 16. ஊர் ஊராக நடந்த ஐஸ் ஷோக்களில் கலந்துகொண்டு, அங்கே கிடைத்த நேரத்தையே பயிற்சியாக்கிக்கொண்டார். 2014இலும் 2018இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். என் மகளின் அலமாரிக் கதவில் அவர் படம் இன்னும் ஒட்டியிருக்கிறது.

சக்கரத்தில் ஆடுவது ஐஸ் கிடைக்காதவர்களின் மாற்று ஏற்பாடு என்று சிலர் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங் முழுமையான ஒரு விளையாட்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் பிரிவிலும், அவனி பஞ்சாலுடன் ஜோடிப் பிரிவிலும் வெண்கலம் வாங்கினார். வேகப் போட்டியில் நம் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் உலகப் பட்டமே வென்றுவிட்டார். ஐஸில் 1990உடன் கைவிடப்பட்ட ஃபிகர்ஸ், அதாவது தரையில் வரைந்த வட்டங்களின் கோட்டிலேயே பிசகாமல் போகும் பயிற்சி, சக்கரத்தில் இன்றும் தனிப் போட்டியாக இருக்கிறது. என் மகளுக்கு விளிம்பின் மேல் இருந்த பிடிமானம் முழுக்க அந்த வட்டங்களில் வந்தது. பள்ளி மைதானத்தில் கயிறும் சாக்கட்டியும் வைத்து நாங்களே வட்டம் வரைந்துகொள்வோம். மழை வந்து அழித்தால் மறுபடி வரைவோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஐஸ் ஆசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சக்கரத்தில் தொடங்கட்டும் என்பேன்.

சக்கரத்திலிருந்து ஐஸுக்குப் போகும்போது கைகொடுப்பது என்ன, காலை வாருவது என்ன என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். ஜம்ப்புகள் ஏறக்குறைய அதே குடும்பம்தான்; ஐஸில் டோ லூப் என்பதைச் சக்கரத்தில் மேப்ஸ் என்கிறார்கள். சக்கர பூட் கனமானது, எனவே ஐஸில் கால் இறகாகத் தெரியும், ஜம்ப்பில் தேவைக்கு மேல் சுற்றிவிடுவார்கள். சக்கரத்தில் உடம்பின் பாரத்தை நான்கு சக்கரங்கள் தாங்கும். ஐஸ் பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், அதன் இருபுறமும் இரண்டு விளிம்புகள். எப்போதும் அவற்றில் ஒன்றின் மேல் சாய்ந்துதான் போக வேண்டும். பிளேடின் மூக்கில் இருக்கும் பற்கள் புதிதாக வருபவர்களைக் குப்புறத் தள்ளும். சக்கர ஸ்கேட்டில் முன்னால் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பரை நம்பிப் பழகிய கால், அந்தப் பற்களை நம்பச் சில நாள் பிடிக்கும். என் மகளின் முதல் ஐஸ் முகாமில் தொடக்க நாட்கள் முழுக்க நிற்பதும் விழுவதும்தான். அதன்பின் அவளுடைய விளிம்புகள் வேலை செய்யத் தொடங்கின.

இந்தியாவில் ஆண்டு முழுதும் கிடைக்கும் ஐஸ் மிகக் குறைவு. குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்குள் ரிங்க் இருக்கிறது; சர்வதேச அளவான 60 மீட்டருக்கு 30 மீட்டரைவிடச் சிறியது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய முழு அளவு ரிங்க் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2025இல் மறுபடி திறந்தது. எங்களுக்கு ஐஸ் என்றால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி. பள்ளி விடுமுறையில் ஒரே மூச்சாக முகாம் போட்டுவிட்டுத் திரும்புவோம். நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம்: முகாமுக்குப் போகும் முன்பே அங்கிருக்கும் பயிற்சியாளரிடம் பேசி, கூட்டமில்லாத விடியற்காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பகலில் பொதுமக்கள் கைப்பிடியைப் பிடித்துத் தத்தித் தத்திப் போகும் நேரத்தில் பணம் கட்டி ஜம்ப் பழக முடியாது. பூட்டையும் பிளேடையும் ரயிலில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எது தொலைந்தாலும் வாங்கிவிடலாம், காலுக்குப் பழகிய பூட் தொலைந்தால் அந்த சீசனே போய்விடும்.

பூட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பணம் அதிகம் போவது அதில்தான். அடுத்த ஆண்டும் போடட்டும் என்று பெரிய அளவில் வாங்கும் பழக்கம் பள்ளிச் செருப்புக்குச் சரி. ஸ்கேட்டிங் பூட்டில் குதிகால் அசைந்தால் கணுக்கால் மடங்கும், விளிம்பு பிடிக்காது, கொப்புளம் வேறு. அரை அளவுக்கு மேல் தாராளம் வேண்டாம். காலை ஒரு தாளில் வைத்துக் கோடு வரைந்து, நீளத்தையும் பாதத்தின் அகலமான இடத்தையும் மில்லிமீட்டரில் அளந்து அனுப்புங்கள். மாலையில் அளந்தால் நல்லது, நாள் முழுதும் நின்ற கால் சற்றே விரிந்திருக்கும். பூட்டின் விறைப்பும் பிள்ளையின் எடைக்கும் ஜம்ப்புக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். ஒற்றைச் சுற்று ஜம்ப் செய்யும் எட்டு வயதுப் பிள்ளைக்கு டிரிபிள் ஜம்ப் ஆட்டக்காரர்கள் போடும் விறைத்த பூட்டை வாங்கிக் கொடுத்தால் முழங்காலே மடங்காது. வளரும் வயதில் பழைய பூட் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. கணுக்கால் மடிப்பு தளர்ந்திருக்கிறதா, பிளேடை மறுபடி தீட்ட உலோகம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றை விரல்பக்கம் தளர்வாக, கணுக்கால் வளைவில் இறுக்கமாக, மேல் கொக்கிகளில் மறுபடி சற்றுத் தளர்வாகக் கட்ட வேண்டும். பிளேடைத் தீட்டத் தெரிந்த கைக்கு மட்டுமே கொடுங்கள். கத்தி தீட்டுபவரிடம் கொடுத்துப் பள்ளத்தைச் சமமாக்கிவிட்டால் இரண்டு விளிம்பும் போய்விடும்.

குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் துவைத்த துணியே காயாது, தோல் பூட்டில் இரண்டு நாளில் பூசணம் பூத்துவிடும். அடுப்பருகே வைத்துக் காய வைத்தால் தோல் வெடிக்கும். உள்தகட்டை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைத் திணித்து, ஈரம் இழுத்ததும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கர ஸ்கேட் என்றால் எட்டுச் சக்கரத்துக்கும் சேர்த்துப் பதினாறு பேரிங். மூடுபனியிலேயே அவை துரு ஏறும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். என் கடையில் அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. சக்கரத்திலும் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான பள்ளி சிமெண்ட் தரைக்கு மென்மையானது, கீழே கோவை, சென்னையில் வழுவழுப்பான தளத்துக்குக் கடினமானது. மென்மையான சக்கரத்தோடு நல்ல தளத்துக்குப் போனால் ஸ்பின் சுற்றாமல் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலப் போட்டிக்கு ஒரு நாள் முன்னதாகவே மலையிறங்கிவிடுங்கள். பர்லியார் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றிப் போக வேண்டியிருக்கும், அன்று காலைப் போட்டிக்கு ஓடி வந்து நிற்கும் பிள்ளைக்குக் கால் வராது.

ஆடையைப் பற்றி ஒரு தையல்காரியாகச் சொல்கிறேன். விலையுயர்ந்த உடுப்பு ஒரு மதிப்பெண்ணும் வாங்கித் தராது. ஆனால் உடுப்பிலிருந்து ஏதாவது ஐஸில் விழுந்தால் ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். தவிர, விழுந்த கல் ஒன்று அடுத்து வரும் பிள்ளையின் பிளேடில் சிக்கினால் பெரிய ஆபத்து. நான்கு பக்கமும் இழுபடும் லைக்ரா வாங்கி, நுனி மழுங்கிய ஊசியில், ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நேர்த்தையல் போட்டால் முதல் ஸ்பின்னிலேயே நூல் அறுந்துவிடும். கற்களை ஒட்டும் முன் துணியைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு ஒட்டுங்கள். தட்டையாக விரித்து ஒட்டினால் துணி விரியும்போது உதிரும். முழுதாகத் தைத்து முடிக்கும் முன் பிள்ளையை உட்காரச் சொல்லுங்கள், காலைப் பின்னால் தூக்கச் சொல்லுங்கள், கைகளைக் குறுக்கே கட்டச் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே பிரித்துத் தையுங்கள். ஹேர்பின் அறவே வேண்டாம்.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை திடீரென்று வளரும். கை கால் நீண்டு, உடம்பின் பாரம் இருக்கும் இடம் மாறிவிடும், நேற்று வந்த ஜம்ப் இன்று வராது. என் மகள் கோடை முகாமுக்கும் தீபாவளிக்கும் இடையே வளர்ந்த வளர்த்தியில் டபுள் சால்கோவை முழுவதுமாக இழந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தது. கோவையில் எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். வளரும் பிள்ளைகளுக்கு, அதிலும் குதிக்கும் பிள்ளைகளுக்கு, தொடைத் தசையின் நாண் எலும்பில் சேரும் இடத்தில் வரும் ஆஸ்குட் ஷ்லேட்டர் என்றார். பயப்பட வேண்டாம், ஆனால் வலியை மீறிக் குதிக்கக் கூடாது என்றார். மாஸ்டரும் ஜம்ப்பைப் பாதியாகக் குறைத்தார். அந்தக் காலம் முழுக்க ஸ்பின், வட்டம், இசைக்கேற்ற அசைவு. கதவு நிலையில் மாதாமாதம் உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடு வேகமாக ஏறும் மாதங்களில் ஜம்ப் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள். கீழ் முதுகில் வலி என்று பிள்ளை சொன்னால் தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஒரு முகாமில், உடம்பு கனத்துவிட்டது, சோற்றை நிறுத்து என்று ஒரு பயிற்சியாளர் என் மகளிடம் சொன்னார். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. அன்று மாலையே அவரிடம் போய், என் பிள்ளையின் தட்டைப் பற்றி இனி நீங்கள் பேசக் கூடாது என்று சொன்னேன். 2014 சோச்சியில் ரஷ்ய அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தபோது யூலியா லிப்னிட்ஸ்காயாவுக்கு 15 வயது. உண்ணாமை நோய்க்குச் சிகிச்சை எடுத்தபின் 2017இல் விளையாட்டையே விட்டுவிட்டார். போதிய உணவில்லாமல் கடுமையாக உழைக்கும் உடம்பில் எலும்பு வலுவிழக்கும், மாதவிலக்கு நின்றுபோகும். பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு வராவிட்டால், பயிற்சி அதிகம் அதனால்தான் என்று அமைதியடைய வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். பயிற்சிக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் முட்டையும் போட்டு வயிறு நிறையச் சாப்பிட வைத்தேன். அவள் கடைசிவரை எலும்பு முறிவில்லாமல் ஆடினாள்.

அவசரம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1998 நகானோவில் தாரா லிபின்ஸ்கி 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற காலம் போய்விட்டது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்ய ஆட்டக்காரி கமிலா வலியேவாவைச் சுற்றி எழுந்த ஊக்கமருந்து சர்ச்சைக்குப் பிறகு, சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக்கிவிட்டது. 2024-25 சீசன் முதல் அதுதான் நடைமுறை. என் மகள் ஆடியபோது தனிநபர் ஜூனியர் பிரிவுக்கு, சீசன் தொடங்கும் ஜூலை 1ஆம் தேதிக்கு முன் 13 நிறைந்திருக்க வேண்டும், 19 நிறைந்திருக்கக் கூடாது. ஜூன் கடைசியில் பிறந்த பிள்ளைக்கும் ஜூலையில் பிறந்த பிள்ளைக்கும் ஒரு முழு சீசன் வித்தியாசம் வரும் என்பதால், பிறந்த தேதியை வைத்து ஆண்டுக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஜூனியரில் முதலில் ஆடும் குறும்பகுதி ஆட்டம் 2 நிமிடம் 40 நொடி, அடுத்து ஆடும் நீளமான ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டிங் மூன்றரை நிமிடம். உலக ஜூனியர் போட்டிக்குப் போக, குறிப்பிட்ட சர்வதேசப் போட்டிகளில் குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண்ணை எட்டியிருக்க வேண்டும். என் மகள் அதை எட்டவில்லை. ஆண்டில் சில வாரம் மட்டும் ஐஸைப் பார்க்கும் பிள்ளைக்கு அது மிகவும் தூரம். அந்தத் தூரம் தெரிந்தேதான் அவள் ஆடினாள், அவளுடைய ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் நாதஸ்வர இசை ஒலித்தபோது தெரியாத ஊரின் ரிங்க்கில் கைதட்டு எழுந்தது. அந்த மூன்றரை நிமிடத்துக்காக எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம்.

பள்ளியையும் சான்றிதழையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டி அட்டவணை வந்த அன்றே தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்து விடுமுறை பெற்றுவிடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டில் டிசம்பருக்குப் பின் முகாம் வேண்டாம். ஒவ்வொரு சான்றிதழையும் வாங்கிய வாரத்திலேயே சங்கத்தின் கையெழுத்து, முத்திரை, பதிவெண் சரிபார்த்து நகல் எடுத்து வையுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது குறிப்பிட்ட படிவத்தில் கேட்பார்கள், அந்தக் கடைசி வாரத்தில் கையெழுத்துக்கு அலைந்தால் கிடைக்காது. எந்தப் போட்டி ஒதுக்கீட்டுக்குச் செல்லும், எது செல்லாது என்பதைப் பணம் கட்டும் முன் விசாரியுங்கள். கோப்பையும் மெடலும் கொடுக்கும் எல்லாப் போட்டிக்கும் அங்கீகாரம் கிடையாது.

மகள் விடுமுறைக்கு வரும்போது பள்ளி மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மழை பெய்தால் வகுப்பு கிடையாது, அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஏறக்குறைய வகுப்பே கிடையாது. ஐஸ் ரிங்க் கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை. கூரை போட்ட, வழுவழுப்பான, 40 மீட்டருக்கு 20 மீட்டர் தளம் ஒன்று நீலகிரிக்கு வேண்டும். ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங்குக்கு அது போதும். ஹேண்ட்பாலுக்கும் ஃபுட்சாலுக்கும் அளவு அதுவேதான் என்பதால் மூன்று விளையாட்டுப் பிள்ளைகளும் முறைவைத்து ஆடலாம். குளிரூட்டும் இயந்திரம் வேண்டாம், கூரையும் நல்ல தரையும் விளக்கும் இருந்தால் ஆண்டு முழுதும் ஓடும். மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறோம். குன்னூர்ப் பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டார்கள், ஊட்டியிலும் கோத்தகிரியிலும் வாங்க வேண்டியிருக்கிறது. மழை தொடங்கும் முன் கொடுத்துவிட வேண்டும்.